நாலாம் இரகசியம் அவளுடையது

பஸ் நிலைய அறிவிப்பாளரின் வாயிலிருந்து அவருடைய மகளின் குரல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு. அன்று தக்காளி விலை வழக்கம்போலத்தான் இருந்தது, வானத்திலும் விசேஷம் ஒன்றுமில்லை. அவருடைய சொந்தக் குரலோ ஊரறிந்தது. மைக்கில் அவர் ஒரு பஸ்ஸைச் சொன்னால், பெஞ்சில் அசந்து தூங்குகிறவன்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பான். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பதும் அவர்தான், அந்த வேளையில் கைக்குழந்தைகள் அழ மறந்துவிடும். அப்படிப்பட்ட தொண்டையிலிருந்து இருபத்தாறு வயதுப் பெண்ணின் மெல்லிய குரல், லேசான மூக்கடைப்போடு, 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்றது. எதிரே முழந்தாளிட்டிருந்த மனைவியின் கையிலிருந்து ஜெபமாலை நழுவியது.

அந்த வீட்டில் ஜெபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களும், ஒவ்வொன்றுக்கும் பத்து 'அருள் நிறைந்த' ஜெபமாக, ஆளுக்கொன்றாகப் பங்கு பிரிக்கப்பட்டிருந்தன. முதலாவது அப்பாவுக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது அண்ணனுக்கு, ஐந்தாவது கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட அத்தைக்கு. நாலாவது மகளுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள் அவள். முந்தைய நாள்தான், கடை இருக்கும் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தாள். பையன் ஐந்து வேளை தொழுகிற வீட்டுப் பிள்ளை, தானும் தொழுகிறவன். அம்மா அழுதார். ஞானஸ்நானமாவது வாங்குவானா என்று அத்தை கேட்டார். அவன் அவனாகவே இருக்கட்டும், நான் நானாகவே இருக்கிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து வந்த விசுவாசம் தன் வீட்டுக் கூடத்தில் வைத்து அறுந்துபோகிறதே என்று அறிவிப்பாளர் உண்மையாகவே பயந்தார். "இனிமே இந்த வீட்ல உன் குரலே கேக்கக் கூடாது" என்று கத்தினார். அவள் ஒரு பையோடு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள்.

பங்கு ஒன்று காலியானால் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டுமல்லவா? அத்தை முயன்றார், வெறும் காற்றுதான் வந்தது. அண்ணனுக்குக் கொட்டாவி வந்தது. அறிவிப்பாளர் எடுத்தார், மகள் குரல் வந்தது. மறுநாளும் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. ஏழு மணிக்கு ஏறிய குரல் விடியும்வரை இறங்குவதாயில்லை. பால் பாக்கி கேட்டு வந்தவர் மூடிய கதவுக்கு வெளியே நின்று அவரிடமே, "அப்பா இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மாவோ மெள்ள மெள்ள அதற்குப் பழகி, ராத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு கணவரை ஏதாவது பேசச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். அதுதான் அறிவிப்பாளரை உடைத்தது.

பங்குச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் அதிசயத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "ஆயர்கிட்ட அனுமதி வாங்கிட்டா நம்ம கோயில்லயே கல்யாணம் வைக்கலாம். பையன் மாறணும்னு கட்டாயமில்ல. பொண்ணு விசுவாசத்துல நிக்கிறாளா, அதச் சொல்லுங்க" என்றார்.

"எங்க சாமி நிக்கிறா? எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டா."

"போய்ப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே கிளம்பினார். கண்ணாடிக் கடையில் மகளைக் காணோம். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று பலகை தொங்க, சீருடையில் ஓர் இளைஞன் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தது. மணி ஏழானது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, பஸ் நிலையத்தையே எழுப்பும் கனத்த ஆண் குரல் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று தொடங்கியது. அது அறிவிப்பாளருடைய குரல்.

"உள்ள இருக்கிற பொண்ணுக்காக தினமும் ஏழு மணிக்கு லிஃப்டை நிறுத்திக் குடுப்பேங்க" என்றான் இளைஞன், வந்திருப்பது யாரென்று தெரியாமலே. "கடையில ஒரே கூட்டம், நிம்மதியா ஜெபிக்க முடியல. ஒரே ஒரு பத்துதான் சொல்லுவா, நாலாவது. மிச்ச நாலும் வீட்ல சொல்லிட்டிருப்பாங்கன்னு சொல்லுவா. குரல் மட்டும் அவங்க அப்பாவோடது. விடுதியில வார்டனம்மா கட்டிலுக்கு அடியிலகூட ஆம்பள இருக்கானான்னு தேடிப் பாத்துட்டாங்க."

அறிவிப்பாளர் பேச வாயைத் திறந்தார். வந்தது மகளின் குரல். இளைஞன் துள்ளி எழுந்தான்.

"மாமாவா?"

லிஃப்ட் இறங்கியது, கதவு திறந்தது. "வீட்டுக்கு வாம்மா" என்று அவர் அவள் குரலில் சொன்னார். "வர்றேம்ப்பா" என்று அவள் அவர் குரலில் சொன்னாள். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆயரின் அனுமதி வந்தது. கல்யாணம் மாலை ஐந்துக்கு என்று வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் தாமதம், அதுவும் அறிவிப்பாளரின் சொந்த நிலையத்திலிருந்து கிளம்பிய பஸ். பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது மணி ஏழு. "சம்மதம்" என்று அவள் சொன்னாள். அந்தக் கனத்த குரல் கூரைவரை போய்த் திரும்பியது. கடைசி வரிசையில் அசந்திருந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு வீட்டாரும் முதல் வரிசையிலிருந்த அறிவிப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான்தான் சொன்னேன் என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

குரல்கள் இன்னும் ஏழு மணிக்கு இடம் மாறுகின்றன. மாப்பிள்ளை தொழுதுவிட்டு வந்து, நாலாம் இரகசியம் முடியும்வரை மாமனார் வீட்டுக் கூடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான், மனைவி ஏதாவது சொன்னால் சில சமயம் மறந்துபோய் "சரிங்க மாமா" என்கிறான். அறிவிப்பாளருக்கு மாலைப் பணி வருகிற நாட்களில் பஸ் நிலையத்து மைக்கில் ஒரு பெண் குரல் லேசான மூக்கடைப்போடு ஒலிக்கும். பயணிகள் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை, ஏழே கால் பஸ் எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்கள்.