முதல் ரவுண்டில் மகள்

டங்.

வேலியை ஒட்டி நின்ற தகர ஸ்கோர்போர்டில் பந்து மோதிய சத்தம் அது. மைதானத்தின் இந்தக் கோடியில் மடக்கு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆறு மேனேஜர்களும் நிமிர்ந்தார்கள். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்தார். காலையிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் மட்டை பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் அடித்த பந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஸ்ரீநிவாசன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். அடித்தது அவருடைய மகள் விஷாகா.

"என்ன சீனி, மகளுக்குக் காலமை என்ன சாப்பாடு குடுத்தனீர்?" என்று கேட்டார் பக்கத்து நாற்காலியில் இருந்த நகுலேஸ்வரன்.

"தோசை."

"எத்தினை?"

"சும்மா இருங்க டாக்டர்."

நகுலேஸ்வரன் பல் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். பிளசன்டனில் இந்தக் குழந்தைகள் பேஸ்பால் லீக்கில் பல வருடங்களாக ஒரு டீமுக்கு மேனேஜர். போன வருடம் கோப்பை வாங்கியதும் அவருடைய டீம்தான். ஸ்ரீநிவாசன் மயிலாப்பூர்க்காரர். சான்டா கிளாராவில் சிப் டிசைன் செய்கிறார். போன வருடம் வரைக்கும் வேறொருவர் டீமில் துணைக் கோச்சாக மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். இந்த வருடம்தான் அவரை நம்பி ஒரு டீமைக் கொடுத்திருக்கிறார்கள். எப்படியாவது ஜெயித்துக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர, கிறிஸ்துமஸிலிருந்து அவர் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

அதற்கு முதலில் நல்ல பிள்ளைகள் டீமில் சேர வேண்டும். வசந்தகால சீசனுக்கு முன்னால், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பதினோரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் வரவழைத்து மதிப்பிடுவார்கள். ஓடிக் காட்ட வேண்டும். பிடித்து, எறிந்து, அடித்துக் காட்ட வேண்டும். மேனேஜர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடுவார்கள். அன்று பிற்பகலே ஓர் அறையில் கூடி, முறை வைத்து, ஆளுக்கொரு பிள்ளையாக எடுத்துக்கொண்டே போவார்கள். இதற்குப் பெயர் டிராஃப்ட். முதல் ரவுண்டில் போகிறவர்கள் சூரர்கள். கடைசி ரவுண்டில் போகிறவர்கள், பந்து வரும்போது புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பவர்கள்.

மேனேஜரின் சொந்தப் பிள்ளைக்கு மட்டும் தனி விதி. அப்பாவுக்குத்தான் முதல் உரிமை. ஆனால் சும்மா கிடையாது. மார்க்கின்படி பிள்ளை எந்த ரவுண்டுக்கு வருகிறதோ, அந்த ரவுண்டில் தனக்குள்ள வாய்ப்பை அப்பா அதற்கே செலவழிக்க வேண்டும். பிள்ளை சுமாராக ஆடினால் கடைசியில் எடுத்துக்கொண்டு, முன்னால் உள்ள ரவுண்டுகளில் ஊரிலிருக்கும் நல்ல ஆட்டக்காரர்களை அள்ளலாம். பிரமாதமாக ஆடிவிட்டால் முதல் வாய்ப்பே போச்சு. வேண்டாமென்றால் பிள்ளையை விட்டுக்கொடுத்துவிடலாம். அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள்.

அதனால் இந்த ஒரு நாள் மட்டும் மேனேஜர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விநோதமான வியாதிகள் வரும். நகுலேஸ்வரனின் மகன் பிரணவன், போன வருடம் அந்தரத்தில் பாய்ந்து பந்து பிடித்தவன், சற்றுமுன் நேராகக் கைக்கு வந்த பந்துகளையெல்லாம் கோட்டை விட்டிருந்தான்.

"அவனுக்கு ராத்திரி முழுக்கத் தடிமன். கண்ணெல்லாம் தண்ணி. பாவம்," என்றார் நகுலேஸ்வரன்.

"சளி பிடிச்சா பந்து பிடிக்க முடியாதா டாக்டர்?"

"நான் பல்லு டொக்டர், சீனி. சளியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?"

ஸ்ரீநிவாசனும் காலையில் காரில் வரும்போது மகளிடம் பேசித்தான் இருந்தார்.

"கண்ணா, இன்னிக்கு ரொம்ப ஸ்ட்ரெயின் பண்ணிக்காதே. லைட்டா ஆடு, போதும்."

"ஒய்?" என்றாள் விஷாகா. அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

அவர் விதியை விளக்கினார். விளக்குவதில் அவருக்கு எப்போதுமே ஒரு சுகம். "நீ சுமாரா ஆடினா, அப்பா முதல் ரவுண்டுல டைலரை எடுக்கலாம். நாலாவது ரவுண்டுல நீ. ரெண்டு பேரும் நம்ம டீம். கப்பு நமக்குத்தான்."

டைலர் என்பவன் பன்னிரண்டு வயதிலேயே மீசை அரும்பிய பையன். அவன் வீசும் பந்தை மற்ற பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டுதான் எதிர்கொள்வார்கள்.

"நான் நல்லா ஆடிட்டா?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"முதல் ரவுண்டு உனக்கே போயிடும். டைலர் கிடைக்க மாட்டான். இல்லேன்னா உன்னை விட்டுட்டு அவனை எடுக்கணும்." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "எதுக்கு அந்த வம்பு?"

விஷாகா ஜன்னல் பக்கம் திரும்பி, மழைக்குப் பச்சை பிடித்திருந்த குன்றுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சரி, புரிந்துகொண்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

புரிந்துகொண்ட லட்சணம் இதுதான். அடுத்த பந்தையும் அவள் வேலிவரை விரட்டினாள். ஓட்டத்தில் பையன்களைத் தாண்டினாள். பந்து வீசச் சொன்னபோது, பிடித்துக்கொண்டிருந்த கோச் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடக்கூடாது என்பது விதி. ஸ்ரீநிவாசன் பேனாவை மூடி வைத்துவிட்டு, மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே யோசித்து எழுதவில்லை. அத்தனை பேரும் ஐந்து போடுகிறார்கள் என்று புரிந்தது.

தண்ணீர் குடிக்க வந்தவளை மடக்கினார். "அப்பா என்ன சொன்னேன் உங்கிட்ட?"

"ஐ ஃபர்காட்," என்றாள் விஷாகா, பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமலே.

திட்ட வாய் வரவில்லை. மட்டை கைக்கு வந்தால் குழந்தைக்கு எல்லாம் மறந்துபோகிறது. என்ன செய்வது? எரிச்சலுக்கு நடுவே உள்ளுக்குள் ஒரு கர்வம் எழும்பியதை அவர் மறைக்கக்கூட முயலவில்லை.

டிராஃப்ட் ஒரு பீட்ஸா கடையின் பின்னறையில் நடந்தது. லீக் சார்பில் டெபி என்ற பெண்மணி, சுவரில் பெயர்ச் சீட்டுகளை ஒட்டிக்கொண்டு நின்றாள். சீட்டுக் குலுக்கியதில் ஸ்ரீநிவாசனுக்கு இரண்டாவது இடம். நகுலேஸ்வரனுக்கு மூன்றாவது. முதல் இடம் கிடைத்த மேனேஜரின் மகனும் முதல் ரவுண்டு மார்க் வாங்கியிருந்தான். அவர் அவனையே எடுத்துக்கொண்டார். டைலரின் பெயர் சுவரில் அப்படியே இருந்தது.

"உங்கள் முறை," என்றாள் டெபி. "விஷாகா முதல் ரவுண்டுக்கு வருகிறாள். வைத்துக்கொள்கிறீர்களா, விட்டுக்கொடுக்கிறீர்களா?"

ஸ்ரீநிவாசன் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்கு வந்தார். மனைவிக்குப் போன் போட்டு நிலைமையைச் சொன்னார். விசாலாக்ஷி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது என்ன ஸ்ரீ, குழந்தைகளை ஏலம் போடற மாதிரி இருக்கு," என்றாள்.

"ஏலம் இல்ல விசாலி, டிராஃப்ட். டைலர் வந்தா இந்த சீசன் கையில இருக்கு. வராட்டி போன வருஷக் கதைதான்."

"அந்த மீசைக்காரப் பையனா?"

"ஆமா."

"சரி, எடுத்துக்கோ. நம்ம குழந்தையை விட்டுட்டு வேற பையனை எடுத்தேன்னு வீட்டுக்கு வந்து நீயே அவகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்." வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு நகுலேஸ்வரன் வந்தார். கையில் ஒரு பீட்ஸா துண்டு.

"இன்னும் யோசிக்கிறீரோ? பேசாமல் மகளை விடும். அடுத்தது நான்தான். நான் வடிவாப் பாத்துக்கொள்ளுவன்."

"உங்க டீம்லயா?"

"ஏன், என்ர டீமில பிள்ளையளுக்கு என்ன குறை? வெண்டாலும் ஐஸ்கிரீம், தோத்தாலும் ஐஸ்கிரீம்."

"பல் டாக்டர் பண்ற வேலையா அது?"

"அதுதானே வியாபாரம்," என்று சொல்லிவிட்டு, பீட்ஸாவை ஒரு கடி கடித்தார். "பகிடி இல்லை, சீனி. உமக்கு டைலர். எனக்கு உம்மட மகள். ரெண்டு பேருக்கும் சந்தோசம்."

அது நியாயமான கணக்காகத்தான் இருந்தது. ஆனால் ஸ்ரீநிவாசன் வேறொன்றை நினைத்தார். விஷாகா பந்து வீசும்போது முழங்கை லேசாகக் கீழே இறங்கும். போன வருடம் அதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் வீசிய பந்துகளை ஒவ்வொன்றாக அலசுவார். வீட்டுக்கு வந்ததும் வீடியோவை டிவியில் போட்டு, நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். ஜெயித்த மேட்சுக்கும் அதே கதைதான். அவள் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொள்கிறாள் என்று விசாலாக்ஷியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். வேறு டீமுக்குப் போனால் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் முழங்கை சரியாகிவிடுமா?

அதோடு, வேறொரு மேனேஜர் பக்கத்தில் அவள் நிற்க, தான் எதிர்ப்பக்கம் நிற்கும் காட்சி கண்முன் வந்தது. அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

உள்ளே போனார். டைலரின் பெயரை இன்னொரு தடவை பார்த்தார். அவன் இல்லாமல் இந்த டீம் கோப்பை பக்கம் போகாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"விஷாகா," என்றார்.

டெபி சீட்டை எடுத்து அவருடைய டீமின் கீழ் ஒட்டினாள். அவள் கை சுவரிலிருந்து விலகுவதற்குள் நகுலேஸ்வரன், "டைலர்," என்றார். பிறகு ஸ்ரீநிவாசன் பக்கம் சாய்ந்து, "நீர் நல்ல மனுசன், சீனி. ஆனால் நல்ல மேனேஜர் இல்லை," என்று மெதுவாகச் சொன்னார்.

ஸ்ரீநிவாசனுக்குக் கோபம் வரவில்லை. மீதி ரவுண்டுகளில் கிடைத்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டார். நகுலேஸ்வரனின் தடிமன் பிடித்த பிரணவன் ஐந்தாவது ரவுண்டில் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தான். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீநிவாசனும் சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனசு லேசாக இருந்தது. இந்த வருடம் தோற்கலாம். பரவாயில்லை. கோப்பையா மகளா என்று வந்தபோது மகள் என்று சொல்லிவிட்டார். இப்படி ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்பது அவருக்கே புதிதாக இருந்தது. விஷாகாவிடம் எப்படிச் சொல்வது என்று சிக்னலுக்குச் சிக்னல் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

பேக்யார்டில் அவள் வலையில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் வேகமாக ஓடி வந்தாள். அவர் மேனேஜராக ஆனதிலிருந்து அவள் இப்படி ஓடி வந்ததில்லை.

"ஹூ காட் மீ?" என்று கேட்டாள். மூச்சு வாங்கியது.

"கெஸ் பண்ணு பார்க்கலாம்."

"பிரணவன்ஸ் டாட்?"

"அவர் எவ்வளவோ கேட்டார். நான் விடலையே." ஸ்ரீநிவாசன் புல்தரையில் ஒரு காலை மடித்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்த வரிகள் எல்லாம் மறந்துபோய், நேராகவே வந்தது. "டைலர் அங்கேயே இருந்தான். கையை நீட்டினா கிடைச்சிருப்பான். வேண்டாம், எனக்கு என் பொண்ணு போதும்னு சொல்லிட்டேன். முதல் ரவுண்டுல உன்னை எடுத்தேன்."

விஷாகா கையுறைக்குள் இருந்த பந்தைப் பார்த்தாள்.

சமையலறைக் கதவருகே நின்றிருந்த விசாலாக்ஷி, "அப்பாவுக்குத் தேங்க்ஸ் சொல்லுடா," என்றாள்.

"கொஞ்சம் ஷாக்கா இருக்கு அவளுக்கு," என்றார் ஸ்ரீநிவாசன் சிரித்துக்கொண்டே. "வா, முழங்கையைக் கொஞ்சம் பார்ப்போம். நல்ல வெளிச்சம் இருக்கு. இன்னிக்குக் கூட ரெண்டு பந்துல இறங்கிடுச்சு. நான் வீடியோ எடுத்து வெச்சிருக்கேன்."

விஷாகா கையுறையைக் கழற்றி, பந்தை அதற்குள் வைத்து, மடித்து, அவரிடம் நீட்டினாள். அவருக்குச் சரியாகப் புரிய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தேடித் தேடித் தமிழில் பேசினாள்.

"அப்பா, நீங்க என்னை விட்டுடணும்னுதான் நான் அவ்ளோ நல்லா ஆடினேன்."