தூங்கக் கூடாது என்று படுத்தவன்

டிப்போவில் அவனுக்கு டேங்கர் என்று பெயர். தொலைதூர இரவு பஸ் ஓட்டுகிறவன். சீட் பெல்ட் அவன் வயிற்றைச் சுற்றி வந்து கொக்கியில் மாட்டுவதற்குள் கண்டக்டர் இரண்டு கொட்டாவி விட்டுவிடுவார். வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு அவனேதான் முன்வந்தான். எல்லாம் கூடிவந்த நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் குறுக்கே விழுந்தார். தூக்கப் பரிசோதனை செய்யாமல் கையெழுத்துப் போட முடியாது என்றார்.

"வயித்துக்கும் தூக்கத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?" பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் தன் அக்காவிடம் கேட்டான்.

"நீ விடற குறட்டைக்கு எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடுது. மயக்கத்துல மூச்சு நின்னுட்டா என்ன பண்றதுன்னு பாக்குறாங்க."

"அதெல்லாம் சும்மா. கம்பெனிக்காரன் சொல்லிவிட்டிருப்பான். தூக்க வியாதின்னு ஒரு பேப்பர் கெடச்சா போதும், ஸ்டீரிங்கைப் பிடுங்கிட்டு கேட்டுல வாட்ச்மேனா நிக்க வச்சிடுவான்."

இரவு வேலைக்காரன் என்பதால் பகலிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். அறையைப் பார்த்ததும் சந்தேகம் வலுத்தது. ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. பூப்போட்ட விரிப்பு, கனத்த திரைச்சீலை, சுவரில் மலைப் படம். விட்டால் தாலாட்டே பாடுவார்கள் போலிருந்தது. மூலையில் ஒரு கேமரா மட்டும் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது.

டெக்னீஷியன் பெண் அவன் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். மார்பில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை. வயிற்றுப் பட்டை எட்டவில்லை. வேறொன்று கொண்டுவந்தாள்.

"பக்கத்துல யார் படுப்பாங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

"பொண்டாட்டி இருந்தா. இப்ப இல்ல."

அவள் அவன் மூக்கில் குழாயைப் பொருத்தினாள்.

"இந்த ரிப்போர்ட் யார் யாருக்கெல்லாம் போகும்?"

"உங்க டாக்டருக்கு மட்டுந்தான்."

அந்த 'மட்டும்' அவனுக்குப் பிடிக்கவில்லை.

விளக்கு அணைந்ததும் முடிவு செய்தான்: தூங்கப் போவதில்லை. தூங்காதவனிடம் என்னத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்? முழித்திருப்பதுதானே அவன் தொழிலே. அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தான். மனதுக்குள் வண்டியை எடுத்தான். டிப்போ வாசல், பாலம், சிமெண்ட் ஆலை, ரயில்வே கேட், இரட்டை வளைவு. ஒவ்வொன்றாகக் கடந்தான். கேட் மூடியிருந்தது, காத்திருந்து கிளம்பினான். போய்ச் சேர்ந்து, வண்டியைத் திருப்பி, பாதி வழி வந்தபோது விளக்கு எரிந்தது.

"நல்லாத் தூங்கினீங்க," என்றாள் டெக்னீஷியன் பெண்.

"யாரு, நானா? கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான். என்னம்மா, ரிப்போர்ட்டை முன்னாடியே எழுதி வச்சிட்டீங்களா?"

கூட வந்து வராண்டாவில் காத்திருந்த அக்கா உள்ளே வந்தாள். "மானத்த வாங்காதடா. உன் சத்தம் வராண்டா வரைக்கும் வந்துச்சு."

"நீயும் அவங்க கட்சியா?"

டெக்னீஷியன் பெண் கேமராவில் பதிவானதை ஓட்டி, கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினாள்.

கட்டிலில் ஒருவன் வாயைப் பிளந்து கிடந்தான். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்தது. வயிறு எம்பியது, மூச்சு வரவில்லை. அக்கா தன்னையறியாமல் தம்பியின் தோளைப் பிடித்தாள். திரையில் அவன் உடம்பு துள்ளி, மூச்சை இழுத்து, மறுபடி அடங்கியது.

அவன் மூச்சைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான். போர்வைக்கு வெளியே வலது கால் அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. பிரேக். கைகள் இரண்டும் மார்புக்கு மேல் லேசாக வளைந்தன.

"இது எப்ப?"

"நல்ல தூக்கத்துல."

ரயில்வே கேட்டில் காத்திருந்தது அவனுக்குத் தெளிவாக நினைவிருந்தது. எதிரே வந்த லாரிக்கு விளக்கைக்கூடத் தாழ்த்தினான். முழித்திருக்கிறோமா என்று ஒரு பொட்டுச் சந்தேகமும் அப்போது வரவில்லை.

போன வாரம் நிஜப் பாலத்தைத் தாண்டியிருந்தான். தாண்டியது மட்டும் நினைவில் இல்லை. பழகின ரோடு, அதனால்தான் என்று விட்டுவிட்டான். பின்னால் வண்டி நிறைய ஜனம்.

"பயப்படாதீங்க," என்றாள் டெக்னீஷியன் பெண். "மூச்சுக்கு மெஷின் தருவாங்க. அதை மாட்டிப் பழகின பிறகு ஆபரேஷன். உங்க கம்பெனிக்கு நாங்க எதுவும் அனுப்பறதில்ல."

"கேட்டியா?" அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. எழுந்திரு, டிப்போவுக்கு நேரமாச்சு."

அவன் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, நான் இப்ப முழிச்சிருக்கேனா?"

"முதுகுல ஒண்ணு வச்சா தெரிஞ்சிடும்." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அவன் போனை எடுத்து டிப்போ மேனேஜரைக் கூப்பிட்டான்.

"சார், டேங்கர் பேசறேன். இன்னிக்கு என் வண்டிக்கு வேற ஆளப் போடுங்க."

"என்னய்யா, கடைசி நேரத்துல? என்ன காரணம்?"

வயிற்று வலி என்று சொல்லச் சொல்லி அக்கா தன் வயிற்றைத் தடவிக் காட்டினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தூங்கிட்டே ஓட்டறேன் சார்."