கதிர்க்குருவி வராத குளிர்காலம்

எனக்குப் பறவைகளைப் பற்றிச் சுட்டுப் போட்டாலும் ஒன்றும் வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிவதற்குள் எழுந்து, முட்டை அவித்து, பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு, சதுப்பு நிலத்துச் சேற்றில் போய் நிற்கிறேன் என்றால் அதற்கு ஒரே காரணம் நான் கட்டிக்கொண்ட மனுஷன்தான். அவர் பைனாகுலரில் வாத்தைப் பார்ப்பார். நான் அவரைப் பார்ப்பேன். வாத்தைப் பார்க்கும்போது அவர் முகம் அவ்வளவு நன்றாக இருக்கும். கல்யாணத்தன்றுகூட எனக்கு அந்த முகத்தைக் காட்டவில்லை.

அவருக்குத் தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கும் பட்டறை. வயல்காட்டு மோட்டார்களைச் சரிசெய்யப் போன இடத்தில், வரப்பில் உட்கார்ந்து சும்மா காத்திருந்த நேரத்தில் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. இப்போது பறவைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழு என்றதும் பெரிய பட்டாளம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பல் டாக்டரம்மா, பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர், என் கொழுந்தன், அவ்வளவுதான். கொழுந்தனுக்குத் ‘தும்மல்’ என்று பட்டப்பெயர். அபூர்வமான பறவை எது வந்து உட்கார்ந்தாலும் சரியாக அந்த நேரம் பார்த்துத் தும்மி விரட்டிவிடுவான்.

என் வீட்டுக்காரருக்கு வாத்து, கொக்கு, பருந்து எல்லாமே பிடிக்கும். ஆனால் உயிர் என்னவோ கதிர்க்குருவிமேல்தான். கட்டைவிரல் அளவு, மண் நிறம், பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. நாணல் புதருக்குள்ளேயே திரியும், வெளியே தலை காட்டாது. சத்தத்தை வைத்துத்தான் அது இருப்பதையே தெரிந்துகொள்ள முடியும். நகவெட்டியில் நகம் வெட்டுவதுபோல ‘ட்சிக்’, ‘ட்சிக்’ என்று மெல்லிசாக வரும். “ஒரு கைப்பிடி பஞ்சு வெயிட்டுகூட இல்ல, எத்தனை மலையைத் தாண்டி வருது பாரு” என்பார், ஏதோ தானே பெற்று வளர்த்து அனுப்பிவைத்த மாதிரி.

இந்தக் குளிர்காலம் அது வரவில்லை என்றார். முதலில் ‘தாமதம்’ என்றார். பிறகு ‘காத்து சரியில்ல’ என்றார். அதற்கும் பிறகு கப்பல் கவிழ்ந்தாற்போல் உட்கார்ந்துவிட்டார். சதுப்பை ஒட்டிக் காய்கறி போடுகிறவரிடம் போய், “மருந்தடிச்சு மருந்தடிச்சு பூச்சியெல்லாம் கொன்னுட்டீங்க. குருவி எதைத் தின்னும், உங்க தலையையா?” என்று சண்டை பிடித்துவிட்டு வந்தார். அந்த மனிதரின் மோட்டாரை இத்தனை வருடமாகப் பார்ப்பவரே இவர்தான். அவர் பாவம், கையில் மண்வெட்டியோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைத் தொடாமல் சொன்னார். “வர்ற ஞாயித்துக்கிழமையோட நான் நிறுத்திக்கறேன். போய்ப் பாக்க அங்க என்ன இருக்கு? டெலஸ்கோப்பை டாக்டரம்மாகிட்ட குடுத்துடறேன்.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் கதிர்க்குருவி வந்திருந்தது. எனக்குத் தெரியும்.

நான் பஸ் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் வேலை செய்கிறேன். கண்ணாடியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற ஜனங்களின் ஊர்ப்பெயரைப் பிடித்துப் பிடித்து என் காது நன்றாகத் தீட்டப்பட்டிருக்கிறது. சில வாரங்களுக்கு முன்னால், நாணல் ஓரமாக நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ‘ட்சிக்.’ அவருக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். சரி, மனுஷன் கேட்டுவிட்டு ரசித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி, “ஒண்ணுமில்லம்மா, வா போகலாம்” என்றார். அவருக்கு அது கேட்கவே இல்லை.

அவர் செவிடு இல்லை. நான் திட்டுவது கேட்கிறது, லாரி ஹாரன் கேட்கிறது, அடுத்த வீட்டில் எங்களைப் பற்றிப் பேசுவது மிக நன்றாகக் கேட்கிறது. இந்த மெல்லிசுச் சத்தங்கள் மட்டும் பட்டறை இரைச்சலிலோ வயசிலோ அவரைவிட்டுப் போயிருக்கின்றன. ஆனால் குழுவில் ‘அண்ணன் காது’ என்றால் அதற்குத் தனி மரியாதை. அந்தக் காதைப் போய்க் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒருநாள் மெதுவாக, “ஒரு தடவை காது டாக்டரைப் பாத்துட்டு வரலாமா?” என்றேன். “எதுக்கு? நீ பேசறது கேக்காம இருக்க மருந்து குடுப்பாரா?” என்றார். சிரித்துத் தொலைத்தேன். மென்று முழுங்கினேன். இப்படியே நாள் போய், அவர் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

காரில் போகும்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

“ஏங்க…”

“பேசாம வாம்மா. மனசு சரியில்ல.”

பின்சீட்டில் டெலஸ்கோப் துடைத்துப் பளபளவென்று உறை போட்டுப் படுத்திருந்தது. பெண்ணை வழியனுப்புகிற வீடு மாதிரி இருந்தது எங்கள் கார்.

பனி முழுதாக விலகவில்லை. ஒரு பக்கம் அறுவடை முடிந்த வயல், மறுபக்கம் சதுப்பு, நடுவில் நாங்கள் ஒருவர் பின் ஒருவராக வரப்பில் நடந்தோம். வயலில் ஆள்காட்டிக் குருவி ஒன்று அலறிக்கொண்டு எழுந்தது. பார்க்காமலேயே “ஆள்காட்டி” என்றார். அதெல்லாம் கேட்கிறது. நாணல் பக்கம் போய் நின்றோம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

‘ட்சிக்.’

நான் மற்றவர்களைப் பார்த்தேன். டாக்டரம்மாவின் விரல்கள் பைனாகுலரை இறுக்கிப் பிடித்தன. வேன்காரர் தன் பூட்ஸையே முறைத்துக்கொண்டிருந்தார். தும்மல் வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. இன்றைக்கு மட்டுமில்லை, இந்தக் குளிர்காலம் முழுக்க எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

“பாத்தீங்களா? ஒரு சத்தம் இல்ல” என்றார் அவர். குரல் கம்மியது. “எத்தனை வருஷமா வந்துட்டு இருந்தது. அதுங்களுக்கு இருந்தது இந்த ஒரு இடம். அதையும் நாம…”

‘ட்சிக். ட்சிக்.’

“ஆமாண்ணே” என்றார் டாக்டரம்மா மெதுவாக. “இந்த வருஷம் கொஞ்சம் கம்மிதான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் புருஷன் என்ன, சமாதானம் சொல்லித் தூங்கவைக்கிற கைக்குழந்தையா? இவர்கள் எல்லோரும் அவர்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். இருந்தாலும் இல்லாத ஒரு சாவுக்கு அவரை அழவிட்டுவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோமே. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது.

“கத்துது” என்றேன்.

“என்னது?”

“கதிர்க்குருவி. கத்துது. இப்போ.” விரலை உயர்த்தினேன். “மறுபடியும். இதோ, மறுபடியும்.”

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார் போலும், முகம் சுருங்கியது. அப்புறம் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை. அது போதும் அவருக்கு. அவர் ஒன்றும் அசடு இல்லை.

என் விரல் காட்டிய திசையில் பைனாகுலரை மெல்லத் தூக்கினார். நாணல் ஒன்று அசைந்தது. என்றைக்கும் வெளியே வராத அந்தக் குருவி, பெரிய மனசு பண்ணி, தண்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. எனக்கே வெறும் கண்ணில் தெரிந்தது. அலகைத் திறந்தது, ‘ட்சிக்’. மூடியது. திறந்தது, ‘ட்சிக்’. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திறக்கிற அலகும் மூடுகிற அலகும்தான் அவருக்கு. இடையில் ஒன்றும் இல்லை. இனி இந்த மனுஷன் ஒரு மாசம் என்னோடு பேசமாட்டார், யாரோடும் பேசமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் பைனாகுலரை இறக்கினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“வந்திருக்கும்மா” என்றார். “அடேயப்பா, வந்திருக்கு பாரு. எங்கேயும் போகல.”

சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய காதுக்காக ராப்பகலாக மறுகிக்கொண்டிருந்தேன். அவர் மறுகியதெல்லாம் அந்தத் துளியூண்டு குருவிக்காக. இந்த ஆளை நான் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை.

“டாக்டரம்மா, டெலஸ்கோப் உங்களுக்குக் கிடையாது” என்றார்.

“வேண்டவே வேண்டாம்ணே” என்று அவர் மூக்கை உறிஞ்சினார்.

“முதல்ல அந்தக் காய்கறித் தோட்டக்காரர் வீட்டுக்குப் போகணும். மனுஷனை என்னென்னவோ கேட்டுட்டேன்.”

மற்றவர்கள் பறவை பார்க்கிற சாக்கில் முன்னால் நடந்தார்கள். நாங்கள் வரப்பில் உட்கார்ந்தோம். அவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“போன வருஷமே நெட்டைக்காலிக் குருவி கொறைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு இருந்தேன்ல. அதுவும் இருக்கா?”

“அது எப்படிக் கத்தும்?”

உதட்டைக் குவித்து ஊதினார். அவர் வாயிலிருந்து மெல்லிசாக, அச்சு அசலாக ஒரு பறவைச் சத்தம் வந்தது. “சத்தம் வந்துச்சா?” என்று என்னைக் கேட்டார்.

“வந்துச்சு. அது இருக்குங்க. வயலுக்கு மேல அதைக் கத்திட்டேதான் பறக்குது.”

“வாய்க்கால்ல சின்ன மீன்கொத்தி?” மறுபடி ஊதினார்.

“அதுவும் இருக்கு.”

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். செத்துப்போச்சு என்று மனசுக்குள் எத்தனைக்குத் தலை முழுகியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் கொஞ்சம் தயங்கினார்.

“கோடையில நம்ம வீட்டுக்குப் பின்னாடி சில்வண்டு கத்துமே?”

“அதுக்கென்ன கேடு? போன கோடையிலகூட ராத்திரி பூரா உயிரை வாங்குச்சு. காதுல பஞ்சை அடைச்சிட்டுத்தான் தூங்கினேன்.”

அவர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

“ராத்திரி முழிப்பு வந்துடும்” என்றார். “எந்திரிச்சு உக்காந்துப்பேன். வெளியே ஒண்ணுமே கேக்காது. எல்லாமே ஒவ்வொண்ணாப் போய்ட்டு இருக்குன்னு பயமா இருக்கும். உன்னை எழுப்பலாமான்னு பாப்பேன். காலைல நீ கவுண்டருக்குப் போகணுமேன்னு விட்டுடுவேன்.”

நான் அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தேன், காதில் பஞ்சோடு.

“இனிமே எழுப்புங்க” என்றேன். “எழுப்பி, வெளியே என்ன கேக்குதுன்னு கேளுங்க. எல்லாத்தையும் சொல்றேன்.”

“சரி” என்றார்.