இரண்டு பேரில் ஒரு மனு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பேனைக் கோட்டில் இருந்து கிடைத்தது. வேறு அலுவலாக ஒரு சட்டத்தரணியின் அறையில் காத்திருந்தேன். மேசையில் பழைய சத்தியக் கடதாசி ஒன்றின் நகல் கிடந்தது. வாசித்திருக்கக் கூடாது; வாசித்தேன். 'காலஞ்சென்ற' என்று தட்டச்சில் இருந்த சொல்லை யாரோ நீலப் பேனையால் வெட்டி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்திருந்தார்கள். ஒரு ஆளின் சாவை ஒரு கோட்டால் திருப்பி எடுத்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் கதை எழுத வேண்டி வந்திருக்காது.

மிச்சமெல்லாம் நான் கட்டினது. மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையில், முப்பத்தொரு மாணவர் படிக்கும் அரசாங்கச் சட்டப் பள்ளி ஒன்று இருந்ததா என்று ஊர்க்காரர் கேட்பீர்கள். இருக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. இரண்டு மாடி, மேல்மாடியில் நூலகம், கதவு ஒட்டிய ஒரு புத்தக அலுமாரி, வாசலில் பையைத் திறந்து காட்ட ஒரு மேசை. இவ்வளவும் போதும்.

2.

முதல் தொடக்கம்:

"2008 ஐப்பசி பதினாலாம் திகதி, இறுதி வருச மாணவி கேதீஸ்வரி சாட்சியச் சட்ட விரிவுரையில் இருந்தபோது, அவளுடைய தம்பி நிதுர்ஷனை ஒரு சோதனைச் சாவடியில்..."

நிற்பாட்டினேன். பிடித்தவர்கள் கையில் இருந்த அடையாள அட்டையில் நிதுர்ஷன் என்ற பேர் இல்லை.

இரண்டாம் தொடக்கம்:

"திவாகரனை பஸ்ஸில் இருந்து இறக்கினார்கள்."

இதுவும் சரிவராது. திவாகரன் செத்து நாலு வருசம் ஆகப்போகிறது.

ஆகவே வாசகரே, கொஞ்சம் பின்னுக்குப் போய்த்தான் வர வேண்டும். கதை பின்னுக்குப் போனால் வேகம் குறையும் என்பார்கள். குறையட்டும்.

3.

கேதீஸ்வரிக்குச் சொந்த ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் கையில் இருந்த பழுகாமம். 2003இல் தம்பி நிதுர்ஷனை இயக்கம் சண்டைக்குக் கொண்டுபோனது. அப்போது அவனுக்குப் பதினாறு. அடுத்த சித்திரையில் இயக்கம் இரண்டாக உடைந்தபோது, சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லி விட்டார்கள். வந்தவன் நாலு நாள் படுத்தே கிடந்தான். ஐந்தாம் நாள், விட்ட பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோகிறார்களாம் என்று கதை வந்தது. தாய் சீதேவிப்பிள்ளை அவனை வாவிக்கு இந்தப் பக்கம், நாவலடியில் இருந்த தன் தங்கை புஸ்பத்திடம் அனுப்பி வைத்தாள். புஸ்பத்துக்கு ஒரே மகன், திவாகரன். இரண்டு பொடியன்களுக்கும் ஒரே வயது. தூரத்தில் இருந்து பார்த்தால் எவன் எவனென்று தெரியாது.

மார்கழி இருபத்தாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது.

(அலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். நாவலடியில் இருந்தவர்களுக்கு என் இரண்டு பக்கம் தேவையில்லை. இல்லாதவர்களுக்கு அது போதாது.)

நிதுர்ஷன் தென்னையில் பிடித்துத் தப்பினான். புஸ்பத்தை வாவிக்குள் இருந்து உயிரோடு தூக்கினார்கள். திவாகரன் கிடைக்கவில்லை.

அகதி முகாமில் வைத்துத்தான் சீதேவிப்பிள்ளைக்கு அந்த யோசனை வந்தது. அட்டைகளெல்லாம் கடலோடு போன காலம். சொல்கிற பேருக்குப் புது அட்டை. நிதுர்ஷன் செத்துவிட்டான் என்று பதிந்தால் இயக்கம் அவனைத் தேடாது. உயிரோடு இருப்பவன் திவாகரன். நாலு நாள் கழித்துத்தான் புஸ்பம், "என்ட புள்ளட பேர அவன் வச்சிரிக்கட்டும்" என்றாள்.

மரணப் பதிவுக்குக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். கேதீஸ்வரிக்கு அப்போது இருபது வயது. அலை தம்பியை இழுத்துக்கொண்டு போனதைக் கண்டேன் என்று தன் கையாலேயே எழுதி, சத்தியம் செய்து, கையெழுத்து வைத்தாள். அடுத்த வருசம் சட்டப் பள்ளிக்கு எடுபட்டாள்.*

*அவள் ஏன் சட்டம் படிக்கப் போனாள் என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். குற்ற உணர்ச்சி என்று காரணம் சொல்லியிருந்தேன். பொய். புள்ளி இருந்தது, போனாள்.

4.

மூன்றரை வருசம் ஒன்றும் நடக்கவில்லை. தாய் 2007இல், ஊரெல்லாம் இடம்பெயர்ந்து இருந்த நேரம், காய்ச்சலில் செத்துப்போனாள். நிதுர்ஷன் பாசிக்குடாப் பக்கம் மேசன் வேலை செய்தான். மாதத்தில் ஒரு தரம் புஸ்பத்தின் வீட்டுக்கு வருவான். அவள் அவனைத் 'திவா' என்று கூப்பிடுவாள். அவனும் 'அம்மா' என்பான். கேதீஸ்வரி அங்கே போனால் அவனைப் பேர் சொல்லாமல் 'தம்பி' என்று மட்டும் கூப்பிடப் பழகியிருந்தாள்.

பிறகு அந்தப் பதினாலாம் திகதி. சோதனைச் சாவடியில் பஸ்ஸில் வந்த எல்லாரையும் இறக்கி, நிதுர்ஷன் உட்பட ஐந்து பேரை வைத்துக்கொண்டு மிச்சப் பேரை ஏற்றிவிட்டார்கள். காரணமும் சொல்லவில்லை, பிடித்ததற்கு ஒரு துண்டும் கொடுக்கவில்லை. நாற்பது நாள் கழித்து வெளியில் விடப்பட்ட ஒருவர் வந்து, பழுகாமத்துப் பொடியன் ஒருவனை ஒரு தடுப்பு முகாமில் கண்டதாகச் சொன்னார். பேர் தெரியுமா என்று கேதீஸ்வரி கேட்டாள். உள்ளுக்கு ஆருக்கும் பேர் இல்லை, எண்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழுகாமத்துப் பொடியன். திவாகரன் நாவலடியான். அப்படியென்றால் அடி தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டானா? இல்லை, வந்தவர் அவன் பேச்சை வைத்துச் சும்மா ஊகித்தாரா?

ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நல்ல புள்ளி எடுத்தவள். ஆளைக் கோட்டுக்கு, நீதிபதி முன்னால், கொண்டுவந்து காட்டு என்று கேட்பது. கேட்பதற்கு ஒரு பேர் வேண்டும்.

நிதுர்ஷன் என்று போட்டால், செத்தவனை எங்கே கொண்டுவருவது என்று மரணப் பத்திரத்தை நீட்டுவார்கள். திவாகரன் என்று போட்டு, அவன் அங்கே உண்மைப் பேரைச் சொல்லியிருந்தால், அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்பார்கள். சட்டப்படி அதுவும் சரியான பதில். பிழையான பேரைப் போட்டால் மனு தள்ளுபடியாவது மட்டுமில்லை. ஒருவர் தேடுகிறார் என்று தெரிந்த பிறகு உள்ளே இருப்பவனை என்ன செய்வார்கள் என்பதை நான் இங்கே எழுதவில்லை.

5.

லயனல் சேரைப் பற்றி ஒரு சந்தேகம். சாட்சியச் சட்டம் படிப்பித்த, பறங்கி வம்சத்து மனிதர், நகரத்தில் வழக்கும் பேசினார். முதல் வரைவில் அவரைக் கோழையாக எழுதினேன். அது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு யோசித்தேன்: அந்த வருசங்களில் இப்படியான மனுவில் கையெழுத்து வைத்தவர் வீட்டுக் கேற்றைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்திருப்பார். கோழை என்று எழுத நான் ஆர்?

அவர் சொன்னது எளிமையானது. புஸ்பம் தாயாக வந்து திவாகரன் பேரில் மனுப் போடட்டும். கேதீஸ்வரி அதில் வரவே வேண்டாம். பழைய பொய் அப்படியே கிடக்கும், அவளுடைய படிப்புக்கும் ஒன்றும் வராது. மற்றக் கதையைத் தான் கேட்கவில்லை என்றும் சொன்னார்.

"அவன் மற்றப் பேரச் சொல்லியிருந்தா, சேர்?"

"அப்ப ஒண்டும் செய்யேலாது."

6.

கேதீஸ்வரி திராய்மடுவில் புஸ்பத்தின் வீட்டுக்குப் போனாள். சுனாமி வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. இரண்டு பேரையும் ஒரே மனுவில் போடப்போகிறேன் என்று சொன்னாள். நிதுர்ஷன் சாகவில்லை, திவாகரன்தான் செத்தவன் என்று உள்ளதை எழுதப்போகிறேன். அப்போது அவன் எந்தப் பேரைச் சொல்லியிருந்தாலும் அவர்களால் இல்லையென்று சொல்ல ஏலாது.

புஸ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நிற்கவில்லை.

"நான் எட்டாம் நாள் சடங்கும் செய்யல்ல, முப்பத்தொண்டாம் நாளும் செய்யல்ல" என்றாள். "ஏன் தெரியுமாகா? என்ட புள்ள சாகல்ல. குடும்ப அட்டையப் பார், இரிக்கான். போன வருசம் வோட்டும் போட்டான். இப்ப நீ ஒரு கடதாசி எழுதி, அவன் செத்தவன் எண்டு எனக்குச் சொல்லப் போறா."

"சின்னம்மா, உள்ளுக்கு இரிக்கிறவன் உயிரோட வரவேணும்."

"வரட்டும். திவாவா வரட்டும். நான் தாயெண்டு போடுறன், ஒத்த எழுத்துப் பிழைக்காமக் கையெழுத்து வைக்கிறன்."

சட்டத்தில் அதற்கு மறுமொழி இல்லை. புஸ்பம் கடைசியில் சுளகை வைத்துவிட்டு, நீ எழுதினால் நானும் கோட்டுக்கு வருவேன், அவன் என்னைப் பார்த்து என்ன சொல்கிறான் என்று எல்லாரும் கேட்கட்டும் என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

7.

எழுதினாள். நூலகத்தில், பகலில், மற்றவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது. "2005ஆம் ஆண்டு நான் சத்தியம் செய்து கூறியது உண்மையல்ல" என்ற வசனத்தை ஐந்து தரம் எழுதியிருப்பாள். முதலாவதில் 'என் தாயாரின் வற்புறுத்தலால்' என்று இருந்தது. செத்த தாய் வந்து மறுக்கமாட்டாள். அதற்காகவே அதை வெட்டினாள்.

லயனல் சேர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வருகிற வருசம் சட்டத்தரணியாகச் சத்தியம் எடுக்க நன்னடத்தைப் பத்திரம் வேண்டும், பொய்ச் சத்தியம் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தவளுக்கு ஆர் தருவார் என்று கேட்டார்.

"நீங்க தருவீங்களா, சேர்?"

அவர் மனுவை இழுத்துத் தன் கையெழுத்தை வைத்தார்.

சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்த வேண்டிய சமாதான நீதவான் வினாயகமூர்த்தி ஓய்வுபெற்ற தபாலதிபர். கடதாசியை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"முந்திச் செய்த சத்தியம் பொய்யெண்டு இரிக்கி. அப்ப இது?"

"இது உண்மை, ஐயா."

"அண்டைக்கும் இப்பிடித்தான் சொல்லியிரிப்பா."

"ஓம்" என்றாள். அவர் முத்திரையைக் குத்தினார்.

8.

2009 மாசியில் தாக்கல். பங்குனியில் தவணை, விசாரணை தள்ளிப்போனது. சித்திரையில் தவணை. வைகாசியில் தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்கள், யுத்தம் முடிந்துவிட்டதாம். அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு நிர்வாகச் சட்டம் படித்தாள். ஒரு பக்கத்தை எத்தனை தரம் வாசித்தாளோ.

ஆனியில் அரச தரப்பின் பதில் வந்தது. அவள் பயந்த இரண்டும் ஒரே தாளில்: நிதுர்ஷன் என்பவர் 2004இல் இறந்தவர். திவாகரன் என்பவர் எமது பொறுப்பில் இல்லை.

நீதிபதி இரண்டு வரியையும் வாசித்தார். பேர் இருக்கட்டும், பதினாலாம் திகதி அந்த பஸ்ஸில் இருந்து இறக்கிய ஐந்து பேரையும் அடுத்த தவணைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்.

9.

முடிவுகள்.

(அ) வாகனத்தில் நாலு பேர்தான் வருகிறார்கள். இதை எழுதினேன். நடக்கக்கூடியது, நடந்ததும் உண்டு. ஆனால் இவ்வளவு தூரம் அவளைக் கூட்டிவந்துவிட்டு, ஆளில்லாமல் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இது என் பலவீனம், கதையின் நியாயமல்ல.

(ஆ) ஐந்து பேர் வருகிறார்கள். அவன் 'நிதுர்ஷன்' என்கிறான். கேதீஸ்வரியின் கடதாசி உண்மையாகிறது. அவனை இயக்கத்தில் இருந்தவன் என்று, புனர்வாழ்வு என்ற பேரில் தடுப்பு முகாமுக்கு அனுப்புகிறார்கள். புஸ்பம் வீட்டுக்குப் போய், நாலரை வருசம் பிந்தி எட்டுக்கு அரிசி...

(இ) அவன் 'திவாகரன்' என்கிறான். அட்டையில் இருக்கும் பேர், குற்றமில்லாத பேர், வீட்டுக்குப் போகக்கூடிய பேர். கேதீஸ்வரி இரண்டாம் தரமும் பொய்ச் சத்தியம் செய்தவள் ஆகிறாள். அவளுக்கு நன்னடத்தைப் பத்திரமுமில்லை, சில வேளை அவளுக்கே ஒரு வழக்கும்...

இரண்டையும் என்னால் முடிக்க ஏலவில்லை. முடிக்கப் போகிற ஒவ்வொரு முறையும் பார்வையாளர் வாங்குப் பலகையில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

ஆகவே இதுவரை எழுதுகிறேன். ஆடி மாசம், முற்பகல். வாகனம் வந்து நிற்கிறது. ஐந்தாவதாக இறங்குகிறவன் மெலிந்து, தலை மழித்து இருக்கிறான். அவன்தான். உயிரோடு இருக்கிறான்; இதை நான் உங்களுக்குத் தருகிறேன். கூண்டில் ஏறும்போது சபையில் தேடுகிறான். அக்காவைக் காண்கிறான். ஒரு கை தூரம் தள்ளிப் புஸ்பத்தைக் காண்கிறான். உள்ளே இருந்தவனுக்கு மனுவில் என்ன இருக்கிறதென்று ஒருவரும் சொல்லவில்லை. எந்தப் பேர் யாரைக் காப்பாற்றும் என்று அவனுக்குத் தெரியாது. கேதீஸ்வரி கண்ணால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கிறாள்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் பேரைக் கேட்கிறார். திரும்பக் கேட்கிறார்.

அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் வாங்கில் இடம் விட்டிருக்கிறேன். வந்து இருங்கள். அவன் வாயைத் திறக்கிற அந்த நொடியில், எந்தப் பேரைக் கேட்க விரும்புகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எனக்குச் சொல்ல வேண்டாம்.