தண்ணீர் போகும் வழி

பக்தவச்சலத்துக்குப் பட்ஜெட் போடுவதில் தனி சுகம். தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்த காலமெல்லாம், சாப்பிட்ட கை காய்வதற்குள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். பெருங்களத்தூரில் ஏரிப் பக்கம் வாங்கிப் போட்ட மனையில் ஒரு செங்கல்கூட விழவில்லை. பேப்பரிலோ மூன்று வீடு கட்டி இடித்தாகிவிட்டது. "பேப்பர்ல குடித்தனம் பண்ண முடியும்னா நாம எப்பவோ பால் காய்ச்சியிருக்கலாம்" என்பார் மனைவி காந்திமதி.

ஒருவழியாக 2004 கோடையில் பேங்க் லோன் வந்தது. மனை நல்ல பள்ளம். அந்தத் தெருவுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீடு கட்டினாலும், முன்னால் கட்டியவனைவிட ஒரு அடியாவது பேஸ்மட்டத்தை உயர்த்திவிட வேண்டும். ரோடு போடப் போட ரோடு உயரும், அதற்குப் பயந்து வீடு உயரும். முதலில் கட்டியவர்தான் கடைசியில் பள்ளத்தில் கிடப்பார். அங்கே முதலில் கட்டியவர் பக்கத்து மனைக்காரரான வேதசிரோமணி. ரிட்டயரான நர்ஸம்மா, வீட்டில் தனியாள்.

அவர் வீட்டு மழைத் தண்ணீர் அத்தனை வருஷமும் பக்தவச்சலத்தின் காலி மனை வழியாகத்தான் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கார்த்திகை மாதத்தில் குடை பிடித்து நின்று அதைக் கண்ணால் பார்த்தவர் பக்தவச்சலம். அதனால் முதல் எஸ்டிமேட்டிலேயே, மண் கொட்டி மனையை உயர்த்தும்போது அந்தத் தண்ணீர் போக அடியில் சிமென்ட் பைப் போட வேண்டும் என்று அவரே எழுதினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

வீடு கட்டத் தண்ணீர் வேண்டுமே. ஊரே லாரித் தண்ணீருக்கு அலைந்த வருஷம் அது. வேதசிரோமணி தன் கிணற்றில் மோட்டார் ஹோஸைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பணம் கொடுக்கப் போனதற்கு, "கிணறு கர்த்தர் குடுத்தது தம்பி. அதுக்கு நான் பில்லு போடவா?" என்று கேட்டார். பூமி பூஜைக் கலசத்துக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். மேஸ்திரி வேலை முடித்துப் போன பிறகும் சாயங்காலத்தில் வேதசிரோமணியே ஹோஸைப் பிடித்துப் புதுச்சுவரை நனைத்துக்கொண்டு நிற்பார். அக்கா தங்கச்சிகூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று காந்திமதி நெகிழ்ந்து போவார்.

கம்பி விலை ஏறியது, சிமென்ட் விலையும் கூடவே ஏறியது. எதையாவது வெட்டியாக வேண்டும். தேக்குத் தலைவாசலை வெட்டலாமா? பக்தவச்சலத்துக்கு மனம் வரவில்லை. தலைவாசல் சாதா மரமென்றால் கிரகப்பிரவேசத்துக்கு வரும் மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பது? பேனா அப்படியும் இப்படியும் அலைந்து, கடைசியில் பைப்பை அடித்தது. வீம்புக்குச் செலவு செய்யக் காசு வந்துவிடும், வேண்டியதற்குத்தான் வராது. ஆனை போவது தெரியாது, பூனை போவது தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"பைப்பு வோணாமா சார்? மண்ணு கொட்டிட்டா அப்பால தோண்டுறது பேஜாராப் பூடும்" என்றார் மேஸ்திரி பொன்னுரங்கம்.

"அப்புறம் பாத்துக்கலாம் மேஸ்திரி."

காந்திமதியும் விடவில்லை. "அக்கா வீட்டுத் தண்ணி எங்க போகும்?"

"மழை எங்கடி பெய்யுது இந்த ஊர்ல?"

அடுத்த ஆவணியில் கிரகப்பிரவேசம். வேதசிரோமணி வந்து தலைவாசலைத் தடவிப் பார்த்து, "நல்ல மரம் தம்பி" என்றார்.

பெய்யாத மழை அந்த ஐப்பசியில் பெய்தது. இரண்டு நாள் கழித்து ஒரு காலை பக்தவச்சலம் ஜன்னலைத் திறந்து பார்த்தார். பக்கத்து வீட்டு வாசல் குளமாகியிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் இவர் காம்பவுண்டில் மோதித் திரும்பி அந்த வீட்டுச் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தது. கிணற்றின் குட்டைச் சுவர்கூடத் தெரியவில்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேதசிரோமணி முழங்கால் தண்ணீரில் வந்தார். இடுப்பில் குடம்.

"கிணத்துல சாக்கடை கலந்துடுச்சு தம்பி. குடிக்க ஒரு குடம் தண்ணி வேணும்."

"உள்ள வாங்கக்கா."

"கால் பூரா சேறு. புதுத் தரை வீணாயிடும்" என்று படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

பக்தவச்சலம் குடத்தை நிரப்பி எடுத்துவந்தார். அக்கா, இது மழை செய்த வேலை இல்லை, நான் செய்த வேலை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவரே, "இப்படிப் பெய்யும்னு யாரு கண்டா தம்பி" என்றார். பக்தவச்சலம் தலையை ஆட்டினார். பாவி மனுஷன், ஆட்டியிருக்க வேண்டாம்.

தண்ணீர் வடிந்தும் சுவர் ஈரம் காயவில்லை. தூர் வாரியும் கிணற்றில் நாற்றம் போகவில்லை. இந்த வயதில் இதோடு மல்லுக்கட்ட முடியாது என்று வேதசிரோமணி திருச்சியில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். சாவியை பக்தவச்சலத்திடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். "உங்களை விட்டா எனக்கு யாரு தம்பி இங்க?"

அடுத்த கோடையில் பக்தவச்சலம் கார் நிறுத்தும் இடத்தையே உடைத்து, மண்ணைத் தோண்டி, பைப்பைப் போட்டார். அன்று மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்கு செலவு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பொன்னுரங்கம் ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்துக்கொடுத்தார். பேசியிருந்தால்கூடத் தேவலை.

மறு மழையில் தண்ணீர் அந்தப் பைப் வழியாக ஏரிக்கு ஓடியது. சாவியை எடுத்துப் போய் வேதசிரோமணியின் வீட்டைத் திறந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. திரும்பி வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அங்க நல்ல மழைன்னு டிவியில சொன்னான். வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா?"

"இல்லக்கா. ஒரு சொட்டு இல்ல."

"ஸ்தோத்திரம். இப்பவாவது கர்த்தர் ஒரு வழி பண்ணாரே. போன வருஷமே பண்ணியிருந்தா நான் இங்க வந்து ஒண்டியிருக்க வேணாம், இல்ல தம்பி?"

பக்தவச்சலம் தலையை ஆட்டினார்.

"தம்பி, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் வேதசிரோமணி.