மேற்கே திரும்பிய கெமரா

கடல்தான் நாட்டின் எல்லை என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு எப்போதாவதுதான் ஞாபகம் வரும். வந்துவிட்டால் சும்மா இருக்கமாட்டார்கள், எதையாவது கட்டிவிட்டுத்தான் ஓய்வார்கள். கல்முனைப் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் கண்காணிப்புக் கோபுரம் எழும்பியது அப்படித்தான். அதன் உச்சியில் ஒரு கெமரா. நடுக்கடலில் கடத்தல்காரன் மூக்கைச் சொறிந்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். கெமராவுக்கும், அதை ஓட்டும் ஜெனரேட்டருக்கும், ஜெனரேட்டர் குடிக்கும் டீசலுக்கும் அரசாங்கம் கோடிக்கணக்கில் கொட்டியது. அத்தனைக்கும் கெமரா இதுவரை காட்டிக்கொடுத்தது வள்ளத்தில் குந்தியிருந்து பீடி குடித்த மீனவர்களையும் ஒரு செத்த ஆமையையும்தான்.

கெமராவை இயக்குகிறவன் பஸால். ஒப்பந்த வேலை. கலியாணம் முடித்து வருடம் திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய்ச் சேருவான். பஸாலும் அப்படித்தான் றுஸ்னாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். றுஸ்னாவோடு அந்த வீட்டில் அவளுடைய வாப்பா அபூசாலியும் இருந்தார். சொந்தத்தில் ஒரு இயந்திர வள்ளம் வைத்திருந்தார். மருமகன் என்றால் அவருக்கு உயிர். மீன் சட்டியில் தலையும் முட்டையும் மருமகனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவர்கள் கைவைக்கலாம்.

நோன்பு தொடங்கியதிலிருந்து பஸாலின் நிம்மதி போயிருந்தது. கோபுரத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் நிற்கும் டீசல் பீப்பாய் தானாகக் குறைந்துகொண்டு வந்தது. பீப்பாய்ச் சாவி பஸாலிடம் மட்டும்தான் இருந்தது. பகலில் இடுப்பில், வீட்டுக்குப் போனால் ஆணியில். பெருநாள் கழிந்ததும் கொழும்பிலிருந்து கணக்குப் பார்க்க ஆட்கள் வருவதாகக் கடிதம் வந்துவிட்டது. ஒரு கள்ளனையும் பிடிக்காத கோபுரம் இவ்வளவு டீசலை எப்படிக் குடித்தது என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டால் கை நீளப்போவது பஸாலை நோக்கித்தான்.

கோபுரத்துக்குப் பொறுப்பாக இருந்த பொலிஸ் சார்ஜன்ட் கனகரெத்தினம் பாண்டிருப்புக்காரர். நல்ல மனிதர்தான். ஆனாலும் சில நாட்களாக பஸாலைப் பார்க்கும்போது அவர் பார்வை முதலில் அவனுடைய இடுப்புச் சாவியில் விழுந்து, பிறகுதான் முகத்துக்கு ஏறியது. பஸாலுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இருபத்தொன்பதாம் நோன்பு மாலை. பெருநாள் பிறை பார்க்க வேண்டும். வானமோ மேற்கே மூடிக் கிடந்தது. இருக்கிற கொஞ்ச வெளியையும் தென்னைகள் மறைத்தன. ஊரில் உயரமான இடம் கோபுரம்தான் என்று பிறைக்குழு நோன்பு திறந்த கையோடு அங்கே வந்துவிட்டது. முன்னால் நளீம் மௌலவி, அவருக்குப் பின்னால் நாலைந்து பேர், கடைசியில் அபூசாலி.

"கெமராவ மத்தப் பக்கம் ஒருக்காத் திருப்புங்க சார்ஜன்ட்" என்றார் மௌலவி.

"அது கடலப் பாக்கத்தான் தந்திருக்கு. எல்லை கிழக்கால கிடக்கு மௌலவி."

"பிறை மேற்காலதானே வாற. நாங்க என்ன செய்யிற?"

கனகரெத்தினம் பிடிவாதத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வந்தார். "மிஷின்ல கண்டாச் செல்லுமா?"

"செல்லாது. வெறுங்கண்ணாலதான் காணோணும்."

"மறுகா ஏன் மிஷின்?"

"எங்க பாக்கிறெண்டு மிஷின் காட்டட்டும். காணுறத நாங்க காணுறம்."

"உங்கட மூக்கில கண்ணாடி கிடக்கே. அது வெறுங்கண்ணா?"

மௌலவி சும்மா விடுகிற ஆள் இல்லை. கண்ணாடி கண்ணோடு சேர்ந்தது, கெமரா அரசாங்கத்தோடு சேர்ந்தது என்று தொடங்கிவிட்டார். வாதம் படியெல்லாம் ஏறிக் கெமரா அறை வரைக்கும் போனது. அபூசாலி மட்டும் ஏறவில்லை.

"எனக்கு முழங்கால் ஏலா. நான் கீழ நின்டு பாக்கிறன்" என்றார்.

அறையில் எல்லோரும் இன்னும் கண்ணாடி வாதத்திலேயே நிற்க, பஸால் விசையைப் பிடித்துக் கெமராவை மெல்லத் திருப்பினான். திரையில் கடல் நகர்ந்தது, கரை நகர்ந்தது, கரையில் ஏற்றிய வள்ளங்கள் நகர்ந்தன. கெமரா தன் வாழ்நாளில் முதல்தடவையாகத் தன்னுடைய முதுகுப்பக்கத்தைப் பார்த்தது. அங்கே தகரக் கொட்டில். கொட்டிலில் பீப்பாய். பீப்பாயின் பக்கத்தில் சாரனை மடித்துக் கட்டி, வாயில் ரப்பர் குழாயோடு குந்தியிருந்தார் மாமா அபூசாலி.

பஸால் இடுப்பைத் தொட்டுப் பார்த்தான், சாவி அங்கேதான் இருந்தது. வீட்டில் அது ஆணியில் தொங்கும் இரவுகள் ஞாபகம் வந்தன. சாவியை ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல பாரமான சாவி மருமகன்" என்று மாமா மெச்சியதும் ஞாபகம் வந்தது. அன்றைக்கே அதற்கு மாற்றுச் சாவி ஒன்று வெட்டியிருக்கிறார். கோபம் வர முந்தி வெட்கம்தான் வந்தது. மற்றவர்கள் காண்பதற்குள் விசையை வெடுக்கென்று மேலே இழுத்தான்.

கெமரா அண்ணாந்தது. திரை முழுக்க மேகம். மேகத்தில் ஒரு கிழிசல். கிழிசலில் நகம் வெட்டிப் போட்டது மாதிரி பிறை.

"அந்தா" என்றார் மௌலவி. கண்ணாடி வாதம் அந்த இடத்திலேயே செத்தது. எல்லோரும் பின்பக்க மாடத்துக்கு விழுந்தடித்து ஓடினார்கள்.

"வேணாம், இஞ்ச நின்டே பாருங்க, நல்லாத் தெரியிது" என்று பஸால் கெஞ்சினான்.

"மிஷின் செல்லாதெண்டு எத்தின தரம் சொல்லுற மகன்?"

மாடத்தில் நின்று வெறுங்கண்ணால் கண்டார்கள். அல்லாஹு அக்பர் என்று எழும்பிய தக்பீர் கோபுரத்தை உலுக்கியது. அந்தச் சத்தம் கீழே இருந்தவரின் தலையில் இடியாக விழுந்தது. வாயிலிருந்து குழாய் நழுவ, டீசல் பீச்சியடிக்க, சட்டையெல்லாம் நனைந்து எழும்பிய அபூசாலி, காறித் துப்பிவிட்டுத் தானும் உரத்த குரலில் தக்பீர் சொன்னார். வானத்தைப் பார்த்த அத்தனை தலையும் கீழே குனிந்தன.

"நானும் கண்டன் மௌலவி. சாட்சிக்கு என்ட பேரையும் போடுங்க" என்றார் அவர்.

"கையில என்ன அபூசாலி?"

அபூசாலி குழாயைப் பார்த்தார். மேலே வரிசையாக நின்ற முகங்களைப் பார்த்தார். பிறகு குழாயின் ஒரு முனையை நிதானமாகக் கண்ணில் வைத்து மறுமுனையை வானத்துக்கு நீட்டினார்.

"இதால பாத்தா வானம் துப்பரவாத் தெரியிது."

"அப்ப அது வெறுங்கண் இல்ல. உங்கட சாட்சி செல்லாது" என்றார் மௌலவி. அவருக்கு மார்க்கம் மார்க்கம்தான்.

கனகரெத்தினத்துக்கு டீசல் நெடி மேலே வரைக்கும் ஏறிவிட்டது. அவர் பஸாலை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அவர் உங்கட மாமாதானே தம்பி?"

"ஓம் சேர்."

"கெமராவில பதிஞ்சிருக்கும். அத அழிக்கவும் ஏலும். இயக்குற ஆள் நீங்க. கீழ நிண்டவர் பிறை பாத்தவரெண்டே போகட்டும். ஆனா கொழும்பு ஆக்கள் வந்தா டீசலுக்கு ஒரு பேர் கேப்பாங்க."

பஸால் திரையின் முன்னால் இருந்தான். அழித்தால் றுஸ்னா கள்ளனின் பெண்சாதி. அழிக்காவிட்டால் கள்ளனின் மகள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் தலையில்தான் விடிகிறது. சரி, தலை யாருடையதோ அவளிடமே கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்தான்.

றுஸ்னா எல்லாவற்றையும் கேட்டாள்.

"வாப்பாட சாரன்ல டீசல் மணக்கிறத்த கழுவிக் கழுவி நான் இயந்திர மணம் எண்டு இருந்தன்" என்றாள். "நீங்க நோன்பு முழுக்க நித்திர இல்லாமக் கிடந்தீங்க. வாப்பா பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு. உள்ளதச் சொல்லுங்க. வாப்பாவ நான் பாத்துக்கிறன்."

பஸாலின் கண் கலங்கியது. "அழிக்கல்ல சேர்" என்றான்.

கனகரெத்தினம் இந்தமுறை அவன் இடுப்பைப் பார்க்கவில்லை. "உங்களத்தான் தம்பி நான் நினைச்சன். குறை நினைக்காதீங்க" என்று தோளில் கைவைத்தார். பிறகு கீழே இறங்கிப்போய் அபூசாலியிடம், பெருநாள் கழிய நிலையத்துக்கு வரவேண்டும் என்றும் அதுவரைக்கும் மருமகன் பொறுப்பு என்றும் சொன்னார்.

"கடல்ல கள்ளனே இல்ல சார்ஜன்ட்" என்று அபூசாலி நியாயம் பேசினார். "இல்லாத கள்ளனப் பாக்க அந்த டீசல் வீணா எரியிது. என்ட வள்ளத்தில எரிஞ்சா ஊருக்கு மீனாவது வரும்."

அந்த நியாயத்துக்குப் பதில் கொழும்புக்காரர்களிடம் இருந்தது. அவர்கள் பிறகு வந்து, திரையில் அபூசாலியைப் பார்த்து, கோபுரத்தின் முதல் கைது என்று மகிழ்ந்து, பஸாலின் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டு, மேற்கே பார்க்க இன்னுமொரு கெமராவும் அதற்கு இன்னுமொரு ஜெனரேட்டரும் இன்னுமொரு டீசல் பீப்பாயும் எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அது பிந்திய கதை. பெருநாள் பகல் வீட்டில் பாய் விரித்து, எல்லோரும் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்னும் பெரிய தட்டான சகனில் சோறு வைத்திருந்தது. மாமா முகம் கொடுக்கவில்லை. றுஸ்னா காலையிலிருந்து வாப்பாவோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. இனி இந்த வீட்டில் தனக்குச் சோறு இறங்குமா, பெட்டியைக் கட்டுவதா என்று நினைத்தபடி பஸால் ஓரமாக இருந்தான்.

அபூசாலி சகனைக் கிளறினார். ஈரல் துண்டு முழுவதையும் பொறுக்கி எடுத்தார். வழக்கம்போல மருமகன் பக்கம் தள்ளிவைத்தார்.

"தின்னுங்க மருமகன்" என்றார் நிமிராமல். "நோன்பும் புடிச்சிச் சாட்சியும் சொன்ன வாய் காஞ்சி கிடக்கும்."

பஸால் ஈரலில் பாதியைப் பிய்த்து மாமாவின் பக்கம் வைத்தான். "நீங்களும் தின்னுங்க மாமா. உங்கட வாயில இன்னும் டீசல் மணக்குது."

றுஸ்னாதான் முதலில் சிரித்தாள்.