மேட்டு நிலையம்

பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கிய புதிதில் நகரத்தில் இருந்த நிலையங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சைக்கிள்களை ஏற்றி இறக்க ஒரே லாரி. புகார் கேட்க ஒரே தொலைபேசி. அந்தத் தொலைபேசிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை.

திட்டம் போட்டவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். தண்ணீரைப் போலவே சைக்கிளும் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். மேட்டில் குடியிருந்தவர்கள் காலையில் சைக்கிளை எடுத்துச் சர்ரென்று ரயிலடிக்கு இறங்குவார்கள். மாலையில் மிதித்து ஏற எவருக்கும் மனம் வராது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். கீழே சைக்கிள் குவிந்து கிடக்கும், மேலே மருந்துக்குக்கூட ஒன்று இருக்காது.

மேட்டிலிருந்து தினமும் கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். ரயிலடிக்குப் பக்கத்தில் பல் செட் செய்யும் கடையில் அவருக்கு வேலை.

"மேடம், இன்னைக்கும் சைக்கிள் இல்ல. உங்க ஸ்டாண்டு பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு."

"லாரி கிளம்பிடுச்சு சார்."

"நேத்தும்தான் கிளம்புச்சு. வந்து சேர்ற லாரி எதுவும் உங்ககிட்ட இல்லையா? பாதி ஊரு மெல்ல முடியாம எனக்காகக் காத்திருக்கு மேடம்."

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிறகு லாரிக்காரரைப் பிடித்து நச்சரிப்பாள். நச்சரிப்புப் பொறுக்காமல் அவர் ஒருநாள் முதல் வேலையாக மேட்டுக்கு ஏறி, இரண்டு சைக்கிளை மாட்டிவிட்டு வந்தார். அன்றைக்குக் காலை புகார் வரவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடம்புக்கு ஏதாவதா? எங்கேயாவது விழுந்து வைத்தாரா? கடைசியில் புகார் ஏட்டில் இருந்த எண்ணைப் பார்த்து அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"இன்னைக்கு ஏன் சார் போன் பண்ணல?"

"சைக்கிள் இருந்துச்சே மேடம்."

"ஓ."

"அதுக்கா கூப்பிட்டீங்க?"

தொலைபேசியின் சுருள் கம்பியை விரலில் சுற்றினாள். "அப்போ நாளைக்கு மேட்டுல சைக்கிள் இல்லாம பாத்துக்குங்க" என்றார் அவர்.

அடுத்த வருடம் கல்யாணம், மேட்டை விட்டுக் கீழே குடித்தனம். லாரிக்காரர் தானே முடித்துவைத்த கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வருடங்கள் பல ஓடி, இப்போது அவள்தான் அந்தத் திட்டத்துக்கே நிர்வாகி. நிலையங்கள் ஆற்றைத் தாண்டிப் பரவியிருந்தன. அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று வந்திருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்தார்கள். அங்கே ஒரு நிலையம் வேண்டும், ஆனால் புது ஸ்டாண்டு வாங்கப் பணமில்லை. எங்கே எவ்வளவு சைக்கிள் ஓடுகிறது என்று பார்க்கிற பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"மேட்டு நிலையத்தை எடுத்து அங்க வெச்சிரலாம் மேடம். மேட்டுல இப்ப வயசானவங்கதான் இருக்காங்க. யாரும் எடுக்கறதில்ல. லாரி சும்மா போயிட்டு வருது."

அந்தப் பெண் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் நிர்வாகி இன்று நாளை என்று கடத்தினாள். வீட்டிலும் மூச்சு விடவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்தாள். இரவு வேலை முடிந்து வந்த பெண்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டாள்.

மேட்டு நிலையத்துக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். சேதி கணவர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"மேட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

அவள் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலைங்க."

"எனக்கு வருத்தந்தான். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா ரொம்ப நேரம் அங்க உக்காந்து பாத்தேன். ஒரு ஈ காக்கா வரல. சீட்டுல தூசி. சைக்கிள் ஓடாம நிக்கறதப் பாக்கத்தான் என்னால முடியல."

"கோவம் இல்லையே?"

"கோவமெல்லாம் இல்ல. கடைசியா ஒரு தடவை அங்கேருந்து இறங்கணும். நீயும் வா."

"உங்க முட்டிக்கு சைக்கிளா?"

"இறக்கத்துல எதுக்குடி முட்டி?"

ஸ்டாண்டைக் கழற்றுகிற காலையில் இருவரும் பஸ்ஸில் மேட்டுக்குப் போனார்கள். வேலைக்காரர்கள் ஏற்கெனவே பாதியைப் பெயர்த்து லாரியில் அனுப்பியிருந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு சைக்கிளை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இறக்கம் மாறவே இல்லை. சலவைக் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கடை வந்திருந்தது, அவ்வளவுதான். பிரேக்கை இறுகப் பிடித்தபடி அவர் முன்னால் போனார். காற்றில் சட்டை உப்பி, பின்னாலிருந்து பார்க்க அவர் வேறு யாரோ போல, தொலைபேசியில் குரலாக மட்டும் தெரிந்த அந்த இளைஞரைப் போல இருந்தார். அந்த நாட்களில் அவர் இப்படி இறங்குவதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காற்றுக்கோ எதற்கோ கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ரயிலடி நிலையத்தில் சைக்கிளை விட இடமில்லை. ஸ்டாண்டு நிரம்பி வழிந்தது.

"நிர்வாகம் சரியில்ல" என்றார் அவர்.

"உங்களுக்கு வாய் மட்டும் குறையவே இல்ல. பாலத்தைத் தாண்டிப் போலாம், வாங்க."

பாலத்தில் இரண்டு தடவை நின்று அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில், லாரியில் வந்து சேர்ந்த பாதியில் கடைசி ஸ்டாண்டை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டு இன்னும் ஈரம். இவர்கள் இறங்குவதற்குள் சீருடை அணிந்த நர்ஸ் ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"இத எடுக்கலாமாங்க? திறந்துட்டாங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். "எடுத்துக்கம்மா" என்றாள் அவள்.

நர்ஸ் சீட்டைத் தனக்கேற்ற உயரத்துக்கு இறக்கினாள். அதுவரை அவர் ஹேண்டில் பாரைப் பிடித்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்த பிறகுகூடச் சட்டென்று கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். அவள் மணியடித்தபடி வளைவில் மறைந்தாள்.

இன்னொரு சைக்கிளை நிர்வாகி ஸ்டாண்டில் மாட்டினாள்.

"வீட்டுக்கு எப்படிப் போறது? பஸ்ஸா?" என்று கேட்டார் அவர்.

"பாலம் வரைக்கும் நடக்கலாமா? மெதுவாத்தான்."

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.